சாத்திய கதவுகளின் ஊர்

கடலோரச் சிற்றூர் ஒன்றில் சின்னதாக ஒரு வீடு, வாசலில் சாய்வு நாற்காலி, எதிரே கடல் என்கிற கனவு, கடலையே காணாத ஊர்க்காரர்களைத்தான் அதிகம் பிடித்தாட்டுகிறது. கடலருகே பிறந்தவர்கள் இப்படிக் கனவு காண்பதாகத் தெரியவில்லை. அவர்களுடைய கனவுகளில் மலையோ மாநகரமோ வருகிறது போலும். மூலனூர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்தக் கனவு வந்ததில் வியப்பேதும் இல்லை.

தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். முருங்கையும் பருத்தியும் எங்கள் பக்கத்து வெள்ளாமை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் பருத்தி ஏலத்தால் எங்கள் ஊர்ப்பெயர் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது தலைகாட்டும். மற்றபடி கொறங்காடுதான். முட்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மேய்ந்து திரியும் செம்மறிகளும் காங்கேயம் மாடுகளும். மழை பெய்தால் ஒரு மாதம் பச்சை. பெய்யாவிட்டால் ஆண்டு முழுக்க ஒரே மண்ணிறம். இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டும். எங்கள் பகுதிக்கும் கடலுக்கும் உள்ள ஒரே உறவு, திருப்பூரில் தைத்த பனியன்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள்தாம்.

நாங்கள் மூவர், உடன்பிறந்தவர்கள். மூத்தவர் தாராபுரத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவர் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். இளையவர் சென்னையில் வங்கிப் பணியில் இருக்கிறார். மூவருமே மூலனூரைவிட்டு வெளியேறியவர்கள். ஊரில் எங்களுக்கென்று எட்டு ஏக்கர் கொறங்காடும் அதன் நடுவே ஓடு வேய்ந்த ஒரு சாளையும் உண்டு. தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். அம்மா கடைசிவரை அங்கேதான் இருந்தார். சென்ற ஆண்டு தை மாதம் அவர் காலமானதிலிருந்து சாளை பூட்டிக் கிடந்தது. முதலாண்டுத் திதி முடிந்த மறுவாரமே ஒரு தரகர் வந்தார். சூரிய மின்னுற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு நிலம் வேண்டுமாம். அவர் சொன்ன விலை நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பத்து நாளில் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினோம்.

அந்தப் பத்து நாளில் நான்கை, மாசி வளர்பிறையில், மணப்பாட்டில் கழித்தோம். இக்கட்டுரை அந்த நான்கு நாட்களைப் பற்றியது.

*

மணப்பாட்டுக்குப் போவதற்கு முன், சாளையின் சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பார்சலோனாவிலிருந்து துணி வாங்க வந்த ஒருவர் எங்களில் நடுவருக்கு அளித்த நாட்காட்டி அது. அதில் ஒரு தாள் கதாகேஸ் என்னும் ஊரின் படம். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கட்டலோனியாவின் கடலோரத்தில் உள்ள சிற்றூர். குடாவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வீடுகள், அவற்றுக்கு மேலே ஒரு வெள்ளைத் தேவாலயம், கீழே நீலக் கடல். அந்த ஆண்டு முடிந்த பிறகும் அம்மா அந்தத் தாளை மட்டும் கழற்றவில்லை. பல ஆண்டுகள் அது அங்கேயே வெளுத்துக்கொண்டு தொங்கியது.

கதாகேஸ் கலையுலகம் அறிந்த ஊர். ஓவியர் சால்வடோர் டாலியின் குடும்பத்துக்கு அங்கே கோடைகால வீடு இருந்தது. 1925இல் அவருடைய நண்பரான கவிஞர் லோர்க்கா அந்த வீட்டுக்கு விருந்தினராக வந்தார். 1930இல் டாலி அதன் அருகே போர்ட் லிகாட் என்ற இடத்தில் ஒரு மீனவக் குடிசையை வாங்கி, சிறிது சிறிதாக விரித்துக் கட்டி, 1982வரை அதையே தம் வீடாகக் கொண்டிருந்தார். இவையெல்லாம் எங்களில் மூத்தவர் நூல்களில் படித்து அம்மாவுக்கு எடுத்துச் சொன்னவை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“அத்தன ஊட்டுலயும் கதவு சாத்திக் கெடக்குதே, ஆளுகெல்லாம் எங்க போயிட்டாங்க கண்ணு?”

நாங்கள் சிரித்தோம். புகைப்படம் அதிகாலையில் எடுக்கப்பட்டிருக்கும் என்று இளையவர் சொன்னார். அம்மாவுக்கு அது திருப்தி தரவில்லை. தெருவில் ஒரு கோழிகூட இல்லையே என்பது அவர் வாதம்.

அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. கூட்டிப் போவதாக நாங்கள் சொல்லும்போதெல்லாம், “உப்புத் தண்ணியப் பாக்கறதுக்கு அத்தன தூரம் எதுக்கு சாமி” என்று தட்டிக் கழித்துவிடுவார். ஆனால் படத்தைக் கழற்ற மட்டும் விட்டதில்லை.

*

கதாகேஸுக்குப் போக எங்களால் முடியாது. அதைப் போன்ற ஒரு தமிழ்நாட்டு ஊர் எது என்று யோசித்தபோது மூத்தவர் தயங்காமல் சொன்ன பெயர் மணப்பாடு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலின் ஊர் என்பதே அவருக்குப் போதுமான காரணம்.

ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியெங்கும் கண்டெய்னர் லாரிகள் எங்களுக்கு முன்னும் பின்னும் வந்துகொண்டிருந்தன. திருச்செந்தூரைத் தாண்டியதும் நிலம் சிவக்கிறது. தேரி என்று அழைக்கப்படும் செம்மணல் மேடுகளும் பனங்காடுகளும். உடன்குடியில் இறங்கிக் கருப்பட்டி வாங்கினோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி அது. எங்கள் ஊர் வறட்சிக்கும் இந்த வறட்சிக்கும் நிறம் மட்டுமே வேறு என்று எங்களுக்குப் பட்டது. குலசேகரன்பட்டினம் கடந்து சற்று தூரத்தில் சாலை கடலை நோக்கித் திரும்பியபோது, மூவரும் பேச்சை நிறுத்தினோம்.

கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு மணற்குன்று. அதன் உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயம். அருகே கலங்கரை விளக்கம். குன்றின் ஒருபுறம் அலையடிக்கும் திறந்த கடல். மறுபுறம் கரமனையாறு வந்து சேரும் கழியின் அடங்கிய நீர். கரையில் வரிசையாக வள்ளங்கள். ஊருக்குள் வேறு இரண்டு பெரிய ஆலயங்கள். அவற்றுள் ஒன்று ஸ்பெயினின் பாதுகாவலராக வணங்கப்படும் யாகப்பருடையது. தெருக்களில் உயர்ந்த தூண்களும் வளைவுகளும் மாடங்களும் கொண்ட பழைய வீடுகள். சாளைச் சுவரில் வெளுத்துத் தொங்கிய அந்தப் படத்தை யாரோ கழற்றி இங்கே கொண்டுவந்து, வெயிலில் காயவைத்தது போலிருந்தது.

ஆலயத்துக்கு ஒரு மரபுக்கதை உண்டு. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்திலிருந்து சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டார். 1540இல் இங்கே கரையேறி அதை நிறைவேற்றினார் என்கிறார்கள். அச்சிலுவையைச் சுற்றி 1581இல் ஆலயம் எழுந்தது என்பது ஊரார் கூற்று. ஆண்டுதோறும் செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவை மகிமைத் திருவிழா.

*

நாங்கள் தங்கிய வீட்டின் சாவி ஓர் அம்மையாரிடம் இருந்தது. எழுபது வயதிருக்கும். எங்களில் மூத்தவரைத் தங்கச்சி என்றும் நடுவரைத் தம்பி என்றும் முதல் நாளிலேயே அழைக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் அவரை அக்கா என்றோம். அவருடைய இடுப்பில் ஒரு பெரிய சாவிக் கொத்து. தம் சொந்த வீட்டுச் சாவியைச் சேர்த்து ஐந்து வீட்டுச் சாவிகள் அதில் இருப்பதாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை அவர் வாசலில் வந்து நின்று, “சாளை சல்லிசா கெடைக்கி தங்கச்சி. வாங்கிப் போடட்டுமா?” என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாளையைப் பற்றி இவருக்கு யார் சொன்னார்கள், அதுவும் சல்லிசாகவா என்று ஒரு கணம் திகைத்துப்போனோம். கடற்கரையில் சாளை என்பது மீன். அவருக்கு விளக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அப்ப அந்தச் சாளையில இப்ப ஆரு இருக்கா?” என்றார். யாருமில்லை என்றோம். “இங்கயும் அப்படித்தான்” என்று சொல்லிச் சாவிக் கொத்தை ஆட்டிக் காட்டினார்.

அன்று மாலை அவரோடு தெருவில் நடந்தோம். இந்த வீடு கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் கட்டியது. அது அவர்களுடைய தம்பி கட்டியது. இதோ இந்த மாடி வீட்டுக்காரர்கள் இப்போது தூத்துக்குடியில். அதோ அந்த வீட்டுப் பேரன்கள் கப்பலில். முத்துக்குளித்துறைப் பரதவர்களில் வணிகத்துக்கு இறங்கியவர்களுக்கு இலங்கை நெடுங்காலம் அடுத்த தெரு போல இருந்திருக்கிறது. அங்கே சம்பாதித்த பணம் இங்கே தூணாகவும் வளைவாகவும் நிமிர்ந்தது. நாடுகள் விடுதலை பெற்று எல்லைகளும் குடியுரிமைச் சட்டங்களும் இறுகியபின் அந்த வழி அடைபட்டது. பிள்ளைகள் வேறு ஊர்களைத் தேடிப் போனார்கள்.

“செப்டம்பர் திருநாளுக்கு எல்லாரும் வருவாவ தங்கச்சி. அந்தப் பத்து நாளு ஊரு ஊரா இருக்கும். வெள்ளை அடிக்க மட்டும் வருசா வருசம் தவறாமப் பணம் அனுப்பிருவாவ” என்றார் அக்கா.

கதாகேஸின் வெள்ளை வீடுகளுக்குள்ளும் இதே கதை இருப்பதை இளையவர் அன்றிரவு கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினார். அந்தக் கடலோரத்து ஊர்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பலர் கியூபாவுக்குப் பிழைக்கப் போனார்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் திராட்சைக் கொடிகளின் வேரை ஒருவகைப் பூச்சி அழித்தபோது மலைச்சரிவு வேளாண்மையும் போயிற்று. கியூபாவில் பணம் சேர்த்துத் திரும்பியவர்கள் ஊரில் பெரிய வீடுகளைக் கட்டினார்கள். அவர்களை ‘இந்தியானோ’ என்று அழைத்தார்களாம். இந்தியாவோடு அதற்குத் தொடர்பில்லை, அமெரிக்கத் தீவுகளை ‘இண்டீஸ்’ என்று சொன்ன பழைய வழக்கின் எச்சம் அது. அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைக்கு உலகம் வந்து படமெடுக்கும் வீடுகளில் பல, அப்படிப் போனவர்களின் பணத்தில் எழுந்தவை.

எங்களுக்கு மூலனூர் நினைவுக்கு வந்தது. எங்கள் சாளைத் திண்ணையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டும் தொலைவில் பதினொரு சாளைகள். எங்கள் சிறுவயதில் மாலையானால் பதினொன்றிலும் விளக்கெரியும். திருப்பூரின் பனியன் தொழில் 1980களிலும் 90களிலும் வளர வளர, கிணற்று நீர் கீழே போகப் போக, ஒவ்வொரு குடும்பமாகப் புறப்பட்டது. போனவர்கள் நன்றாகவே பிழைத்தார்கள். திரும்பி வந்து ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டு, கிரானைட் ஒட்டி, இரும்புக் கதவு வைத்து, பூட்டிவிட்டு மறுபடி திருப்பூருக்குப் போனார்கள். மாசாணியம்மனுக்கோ குலதெய்வத்துக்கோ பொங்கல் வைக்க ஆண்டுக்கொருமுறை வருகிறார்கள். அம்மா காலமானபோது அந்தப் பதினொன்றில் விளக்கெரிந்தவை மூன்று.

நாட்காட்டியைப் பார்த்து அம்மா கேட்ட கேள்வி வெகுளித்தனமானதன்று என்பது மணப்பாட்டுத் தெருவில் நடந்தபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று. சாத்திய கதவை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். எவ்வளவு அழகான படத்திலும் அவர் கண் முதலில் போய் நின்ற இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

*

மூன்றாம் நாள் காலையில் குன்றின் கடலோரச் சரிவில் உள்ள குகைக்குப் போனோம். புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. அவருக்கு முன் அங்கே ஒரு சைவத் துறவி வாழ்ந்தார் என்பதும் மரபு. தாழ்ந்த கூரை, ஒரு சிறு பீடம், உள்ளே ஒரு நீரூற்று. கடலுக்கு இவ்வளவு அருகில் குடிக்கத்தக்க நீர் என்பது வறண்ட நிலத்துக்காரர்களாகிய எங்களுக்கு மற்ற எல்லா அற்புதங்களையும்விடப் பெரிதாகத் தெரிந்தது.

சவேரியாரை ஸ்பானியர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அவர் 1506இல் பிறந்தது இன்றைய ஸ்பெயினின் வடக்கே உள்ள நவார்ராவில். அது கடல் இல்லாத நாடு. அவருடைய தாய்மொழி ஸ்பானியம் அன்று, பாஸ்க் மொழி. 1512இல் காஸ்டில் அரசு நவார்ராவைக் கைப்பற்றியது. நவார்ராவின் பக்கம் நின்ற குடும்பங்களின் கோட்டைகள் 1516இல் இடிக்க உத்தரவிடப்பட்டன. சவேரியாரின் வீடாகிய கோட்டையின் கோபுரங்களும் சரிக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது பத்து. 1525இல் படிப்பதற்காகப் பாரிஸ் போனவர் அதற்குப்பின் அந்த வீட்டில் வாழவே இல்லை. 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

இடிந்த வீட்டைவிட்டு வந்த உள்நாட்டுக்காரர் ஒருவர் இந்தக் குகையில் அமர்ந்து கடலைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? 1544இல் மணப்பாட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் தம் உடனுழைப்பாளரான மன்சில்லாஸுக்கு அவர் தொடர்ந்து எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. அவற்றைப் படித்தவர் எங்களில் மூத்தவர். கடலின் அழகைக் கொண்டாடும் பேச்சுக்கு அவற்றில் இடமில்லை என்றார். பிள்ளைகளுக்குச் செபம் கற்பிப்பது, நோயாளிகள், கள் குடிப்போர் மீது கோபம், அதிகாரிகளின் அட்டூழியம், படகு, அரிசி: இவையே அவற்றின் பேச்சு. அவ்வாண்டின் நடுவில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து மீனவர்களைத் தாக்கி விரட்டியது. மக்கள் கடற்பாறைகளில் ஏறிப் பசியோடு ஒடுங்கிக் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்றில் தோணிகள் முன்னேற முடியாமற் போகவே, பிறகு தரைவழியே போய்ச் சேர்ந்தார்.

அவருடைய சமயப் பணியைப் பற்றியும் அதன் பின்னிருந்த போர்த்துக்கீசிய அதிகாரத்தைப் பற்றியும் வாசகர்களுக்கு வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். எங்களுக்குள்ளேயே உண்டு. ஆயினும் ஒன்று தோன்றியது. ஓர் ஊரில் வாழ்கிறவனுக்கு அங்கே செய்து முடிக்கக் காரியங்கள் இருக்கின்றன. வெறுமனே அழகை மட்டும் காண்கிறவன் இன்னும் அந்த ஊருக்கு வந்து சேரவில்லை. சவேரியாரின் தமிழ் மனப்பாடத் தமிழ்தான். பிறர் மொழிபெயர்த்துத் தந்த செபங்களை அவர் ஒப்பித்தார். அவருக்குப்பின் இதே கரையில் பல பத்தாண்டுகள் உழைத்த ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழை முறையாகக் கற்றார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது இந்தக் கரையின் மக்களுக்காகத்தான்.

*

அன்றிரவு நிலவு. கழியின் மேல் வெள்ளியை உருக்கி ஊற்றியது போல ஒளி. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் போய் அமர்ந்தோம். “கடல் இன்னைக்கு ரொம்ப அழகா இருக்குதுங்க அண்ணாச்சி” என்றார் நடுவர்.

“பாக்க நல்லாத்தான் இருக்கும் சார்” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். “நிலாக் காலத்துல வலை மீனுக்குத் தெரிஞ்சு போவும். ஒண்ணும் விழாது. இருட்டுத்தான் எங்களுக்குப் பாடு.”

பாடு என்றால் அவர்கள் வழக்கில் மீன்பிடிப்பு. பிடிபட்ட மீனின் அளவும் அதுவே. எங்கள் ஊரில் பாடு என்றால் உழைப்பும் துன்பமும். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதில் ஏதோ பொருத்தம் இருக்கிறது. எங்கள் பக்கம் மேகமே இல்லாத நீல வானத்தைக் கண்டு வெளியூர் நண்பர்கள் வியப்பதுண்டு. அந்த வானத்தை அம்மா நிமிர்ந்து பார்த்தால் வாயில் வசவுதான் வரும்.

கச்சான் காற்றைப் பற்றி முதியவர் நிறையச் சொன்னார். மேற்கிலிருந்து அது இறங்கிவிட்டால் மணல் பறந்து வீட்டுக்குள் வந்துவிடுமாம், சோற்றிலும் மணல்தானாம். ஊருக்கு முன்னால் மணல்திட்டு வளர்ந்து வள்ளங்கள் வந்துபோகும் வழி சுருங்குவதைப் பற்றியும் சொன்னார். கதாகேஸுக்கும் அப்படி ஒரு காற்று உண்டு. வடக்கிலிருந்து மலை தாண்டி வரும் திரமோந்தானா. கார்சியா மார்க்கேஸ் 1992இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில் அந்தக் காற்றின் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. அக்கதையில் அந்த ஊர் அழகிய ஊராகவும் வருகிறது. அங்கே மறுபடி போவதைவிடச் சாவதே மேல் என்று ஒருவனை நினைக்கவைக்கும் ஊராகவும் வருகிறது. நாட்காட்டிப் படத்தில் காற்று தெரிவதில்லை.

*

நான்காம் நாள் பேச வேண்டியதைப் பேசினோம். எட்டு ஏக்கரும் சாளையும்.

விற்றுவிடலாம் என்பதற்கான காரணங்கள் வலுவானவை. மூவரில் ஒருவரும் திரும்பிப் போய் அங்கே வாழப்போவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கொறங்காடு என்ற சொல்லே தெரியாது. சூரிய மின்சாரம் நல்ல காரியம். எங்கள் பக்கம் காற்றாலைகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன, நாங்கள் அவற்றை வெறுத்ததில்லை. ஆனால் தரகர் சொன்ன ஒரு சொல் மூவருக்கும் நெருடலாகவே இருந்தது. “அது சும்மா கெடக்கற காடுதானுங்க” என்றார் அவர். கொறங்காடு சும்மா கிடப்பதன்று. புல் முளைத்து, ஆடு மேய்ந்து, புழுக்கை விழுந்து, மறுபடி புல் முளைக்கும் ஒரு கணக்கு அதற்கு உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமற் போனபின்தான் அது சும்மா கிடப்பதாக ஆகிறது.

இந்த வரிசையை மணப்பாட்டில் இருந்தபோது தெளிவாகக் கண்டோம். முதலில் ஆட்கள் போகிறார்கள். பிறகு வருகிறவர் அந்த இன்மையை அமைதி என்று புகழ்கிறார். அதற்கும் பிறகு வருகிறவர் அதே அமைதியைக் காலியிடம் என்று குறித்துக்கொள்கிறார். மணப்பாட்டின் இருபுறமும் கடற்கரை மாறிக்கொண்டிருக்கிறது. வடக்கே உடன்குடி அனல்மின் நிலையம். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவை தேவையில்லை என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஸ்பெயினில் நடப்பதோ நேர்மாறு. அங்கே அழகு அளவுக்கு மீறி விலைபோய்விட்டது. வந்து போகிறவர்களுக்கு வீடுகளை வாடகைக்கு விட்டு, வாழ்கிறவர்களுக்கு வீடு இல்லாமற் போனதால் 2024இல் பல நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான 10,101 குடியிருப்புகளின் உரிமத்தை 2028க்குள் முடித்துக்கொள்ளப்போவதாகப் பார்சலோனா மேயர் அவ்வாண்டு ஜூனில் அறிவித்தார். ஆளில்லாமல் அழிவதும் ஆள் மிகுந்து அழிவதும், ஒரு வீடு யாருக்காக என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டதன் இரண்டு முகங்கள்.

‘கடல்புரத்தில்’ 1977இல் வந்த நாவல். அதில் வீட்டையும் வள்ளத்தையும் விற்றுவிட்டு வரச் சொல்லும் மகனும், மனமொப்பாத தந்தையும் உண்டு. மூத்தவர் அதை நினைவூட்டினார். எங்கள் விவாதத்தில் தந்தையின் இடத்தில் யாரும் இல்லை. மூவருமே மகனின் இடத்தில்தான் இருந்தோம். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் சென்ற ஆண்டே போய்விட்டார். ஆகவே, வேண்டாம் என்பதை எங்களில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. இளையவர் சொன்னார். மூலனூரில் எங்களில் மிகக் குறைந்த காலமே வாழ்ந்தவர் அவர்.

புறப்படும்போது அக்காவிடம் சாவியைக் கொடுத்தோம். ஊர்ப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தில் முடைந்த பனையோலைப் பெட்டி ஒன்றை மூத்தவர் கையில் வைத்தார். வண்டி ஏறும்வரை அவர் கேட்டது ஒன்றுதான்: “சாளைக்கு என்ன முடிவு பண்ணுனிய?” வாடகைக்கு விடப்போகிறோம் என்றோம். “வெள்ளை அடிக்காட்டியும் பரவால்ல. வெளக்கு எரியணும்” என்றார்.

கொறங்காட்டை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, செம்மறி மேய்ப்பவர் ஒருவருக்கு ஓராண்டு மேய்ச்சலுக்குக் கொடுத்திருக்கிறோம். தரகர் சொன்ன விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. எத்தனை ஆண்டுகள் இப்படி ஓடும் என்பதும் நிச்சயமில்லை. நாங்கள் மூவரும் மாதம் ஒருவராகப் போய்ப் பார்த்து வருகிறோம். சாளையில் ஆனி மாதம் ஒரு குடும்பம் குடிவந்தது. வெள்ளகோவில் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்ப்பவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒடிசாவின் கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது; பூட்டித்தான் இருக்கிறது.

நாட்காட்டித் தாள் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. அதை எடுத்துவிடட்டுமா என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆடிக் காற்று தொடங்கிய வாரத்தில் நடுவர் போயிருந்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்றில் வெள்வேல மரங்கள் இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும்; புதிதாக வருபவர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. பிள்ளைகள் பயப்படுகிறார்களா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சொன்னதை அவர் கணவர் தமக்குத் தெரிந்த தமிழில் எடுத்துச் சொன்னாராம்.

“இல்லீங்க. நல்லாத் தூங்கறாங்க. எங்க ஊர்ல ராத்திரி இதே சத்தம்தானுங்க.”